சின்னவனை எழுப்பிய மருந்து

எனக்கு மருந்து மாத்திரையில் நம்பிக்கை கிடையாது, சார். தலை வலித்தால் தலையைத்தான் திட்டுவேன். மூன்றாம் வகுப்போடு நின்றவன். அதிலும் பாதி நாள் வகுப்புக்கு வெளியே முட்டி போட்டதுதான். அப்படிப்பட்டவனிடம் தம்பியின் மருந்துப் பெட்டியை ஒப்படைத்தார்கள். முதலில் அவர்களைத்தான் நீங்கள் விசாரித்திருக்க வேண்டும்.

சின்னவனுக்கு எலும்பில் புற்றுநோய். வலிக்கு மார்ஃபின் சிரப். அது மூச்சை அமுக்கினால் மூக்கில் அடிக்க ஒரு பெட்டியில் இரண்டு ஸ்பிரே, ஒவ்வொன்றும் ஒரே தடவைக்குத்தான். வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸம்மா எனக்குப் பாடம் நடத்தினார்.

"பெரியவரே, மார்ஃபின் உக்காந்திருக்கிற சீட்டுலேருந்து அதைத் தள்ளிட்டு ஸ்பிரே உக்காந்துக்கும். ஒரு மணி நேரம்கூடத் தாங்காது, எந்திரிச்சுப் போயிடும். மார்ஃபின் போகாது. பக்கத்துலயே நிக்கும், திரும்ப உக்காந்துக்கும். அதனால அடிச்ச கையோட எனக்கு போன் பண்ணணும்."

பேருந்தில் சீட்டுப் பிடிக்கிற கதைதான், புரிந்தது. ஆனால் துரத்தியவன் எங்கேயாவது பக்கத்திலேயே நிற்பானா? அந்தப் பாதியை நான் நம்பவில்லை.

ஒரு மத்தியானம் அவன் மூச்சு நிஜமாகவே தேய்ந்தது. அடித்தேன். இரண்டு நிமிஷத்தில் கண்ணைத் திறந்து, "என்னை ஏண்ணே எழுப்புன?" என்றான். மூன்று வாரமாக மயக்கத்தில் கிடந்தவன் அன்றைக்குத்தான் என்னைத் தெரிந்து பேசினான். வலியில் துடித்தான், அது வேறு விஷயம். போன் செய்தேன். நர்ஸம்மா வந்து சிரப்பின் அளவைக் குறைத்து, புதுப் பெட்டி வைத்துவிட்டு, என்னைப் பாராட்டினார். எழுபத்து நாலு வயதில் கிடைத்த முதல் பாராட்டு. கெட்டுப்போனேன்.

நாற்பது வருஷத்துக்கு முன்னால் எங்கள் வெல்டிங் பட்டறை எரிந்தது. கேஸ் வால்வை மூடாமல் போனது நான் என்று அப்பா தீர்ப்பு சொல்லிவிட்டார். சாகும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றைக்குக் கடைசியாகக் கிளம்பியது சின்னவன் என்பது என் கணக்கு. அவன் வாயைத் திறந்ததே இல்லை. இப்படியே போய்விடுவான் போலிருந்தது.

செவ்வாய்க்கிழமை மூச்சு நன்றாகத்தான் இருந்தது. அடித்தேன்.

"வால்வை மூடாதது யார்டா?"

"ஞாபகமில்லண்ணே. மருந்து குடு."

"ஞாபகம் வரட்டும், குடுக்கிறேன்."

வரவில்லை. ஸ்பிரே இறங்கி மறுபடி தூங்கிவிட்டான். நர்ஸம்மாவிடம் நான் மூச்சுவிடவில்லை. வியாழக்கிழமை இரண்டாவதை அடித்தேன். அதையே கேட்டேன். கடித்திருந்த போர்வையை விட்டுவிட்டுச் சொன்னான்.

"நான்தாண்ணே. நீ எதைக் கேட்டாலும் நான்தான். மருந்து குடுண்ணே."

அழுதுவிட்டேன் சார், வெட்கங்கெட்ட கிழவன். உடனே சிரப்பை ஊற்றினேன். வலி அடங்கவில்லை, சீட்டில்தான் வேறு ஆள் இருக்கிறானே. இன்னொரு மூடி ஊற்றினேன். அப்புறம் இன்னொன்று. அன்றைக்கு நான் கஞ்சத்தனமே பண்ணவில்லை.

முக்கால் மணியில் அவன் அமைதியானான். நின்றுகொண்டிருந்ததெல்லாம் ஒன்றாக உட்கார்ந்துவிட்டது. நர்ஸம்மா சொன்னது அத்தனையும் நிஜம். பெட்டி காலி. போன் கையில்தான் இருந்தது. இரண்டு ஸ்பிரேயும் எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தேன். நான் எதையும் மெதுவாகத்தான் யோசிப்பேன். யோசித்து முடித்தபோது அவன் மூச்சு நின்று வெகு நேரமாகியிருந்தது.

கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் முதல் வரியில் இதை எழுதுங்கள்: யாரும் வற்புறுத்தாமல், தம்பி தானாகவே குற்றத்தை ஒத்துக்கொண்டான்.