மணியின் நாக்கு

— ஆறரை ஆயிடுச்சுக்கா. இன்னும் எவ்வளவு நேரம் தேடறது?

— மெதுவாப் பேசு. ஸ்டோர் ரூமை நானே பார்த்துக்கறேன்னு மேனேஜர் சொல்லியிருக்கார். நாம இங்க இருக்கிறது தெரிஞ்சா...

— தெரிஞ்சா என்ன, வீட்டுக்கு அனுப்பிடுவாரா? அனுப்பட்டுமே! ஏழு மணிக்கு என் மக நாடகம். மரமா நிக்கறா.

— வசனம்?

— கிடையாது. அசையக் கூடாது, அவ்வளவுதான்.

— மீட்டிங்ல உன்னைப் பார்த்துக் கத்துக்கிட்டிருப்பா.

— போன வருஷம் மேகமா வந்தா. அதுக்கும் போகல. இந்தத் தடவையும் வரலைன்னா இனிமே அப்பான்னு கூப்பிட மாட்டாளாம். சார்னு கூப்பிடுவாளாம்.

— அடிப்பாவி... அப்ப ஆறு மணிக்கே மணியை அடிச்சுட்டுக் கிளம்பியிருக்கலாம்ல?

— நீங்க அடிப்பீங்களா? நேரத்துக்குக் கிளம்பினா வாசல்ல மணியடிக்கணும். எல்லாரும் எழுந்து கை தட்டி, "போய் ஓய்வெடுங்க, களைச்சவரே"ன்னு கோரஸ் வேற. நம்ம டிரைவர் ஒரு நாள் அடிச்சார். இன்னை வரைக்கும் அவர் பேரே களைச்சவர்தான்.

— அவர் பொண்டாட்டியும் அப்படித்தான் கூப்பிடறாங்களாம்.

— சிரிக்காதீங்க. மேனேஜருக்கும் அதே சட்டம்தான்னு பெருமையாச் சொன்னார்ல?

— சொன்னார். அவர் கல்யாண நாளன்னைக்கு ஆறு மணிக்குக் கயித்தை இழுத்துட்டுத்தான் போனார். சத்தம் கேட்ட மாதிரி ஞாபகம் இல்ல.

— எனக்கும் இல்ல. பயத்துல கை தட்டினதுதான் ஞாபகம்.

— இன்னைக்கு ஆறு மணி தாண்டினதும் பார்த்தியா? தலைமை ஆபீஸ்காரங்க முன்னாடி, "இதுதான் எங்க பண்பாடு"ன்னு இழுத்தார்... மணி ஆடுது, சத்தம் இல்ல. உள்ள நாக்கைக் காணோம்!

— அந்தக் கடுப்புலதான், நாக்கு கிடைக்கிற வரைக்கும் ஒருத்தரும் வெளிய போகக் கூடாதுன்னுட்டார்.

— சரி, அந்தப் பச்சைப் பெட்டியைத் தள்ளு... என்னடா அது சத்தம்?

— எங்க?

— உன் சாப்பாட்டுப் பையில. டங்குன்னுச்சே.

— ஸ்பூன்க்கா.

— அந்த ஸ்பூன்ல நீ அள்ளறது சோறா, சிமெண்டா? எடு வெளியே.

— அக்கா... கயித்தை இழுக்கணும்னுதானே சட்டம்? சத்தம் வரணும்னு யாரும் சொல்லலையே. இழுத்துட்டுக் கமுக்கமாப் போயிடலாம்னு...

— கிணறு வெட்டப் பூதம் கிளம்பிருச்சு.

— இப்ப மொத்த ஆபீஸும் என்னால மாட்டிக்கிச்சு. ஒத்துக்கிட்டா வேலை போச்சு. ஒத்துக்கலைன்னா என் மகளுக்கு நான் சார்.

— கொடு பார்ப்போம். ம்... என் கைப்பையில இருக்கிறதை விட இது கொஞ்சம் சின்னது.

— உங்க... கைப்பையிலயா!

— கத்தாதே. போன மாசம் கழட்டினேன். பல் டாக்டர்கிட்டப் போகணும்னா என்ன பண்றது?

— அப்ப நான் இன்னைக்குக் கழட்டினது எங்கிருந்து வந்துச்சு?

— பராமரிப்பு அண்ணன் மாட்டியிருப்பார். எது காணாமப் போனாலும் முதல்ல அவரைத்தானே திட்டுவாங்க? அதான் வாயைத் திறக்காம புதுசு மாட்டிடுவார்.

— இன்னைக்கும் மாட்டியிருக்கலாம்ல மனுஷன்!

— இன்னைக்கு லீவு.

— லீவா? நம்ம ஆபீஸ்லயா?

— மயக்கம் போட்டு விழுந்துட்டார். அதான் கொடுத்தாங்க.

— ...இப்ப என்னக்கா பண்றது?

— ஒண்ணும் ஆகாது. ரெண்டுல ஒண்ணைக் காட்டி, தரையில கிடந்துச்சுன்னு சொல்லிடுவோம். இரு, எது பழசு...

— யாரது உள்ளே? இந்த ரூமை நான் பார்த்துக்கறேன்னு சொன்னேன்ல?

— சார்! கிடைச்சிருச்சு சார்! இங்கதான்... தரையில...

— எங்கே, கையைக் காட்டுங்க... ரெண்டா? பச்சைப் பெட்டிக்குப் பின்னாடி நான் ஒளிச்சு வச்சது ஒண்ணுதானே?