கணக்கில் ரட்சிக்கப்பட்டவள்

கருங்கலிலிருந்து குளச்சல் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பள்ளி மாணவிகள்.

“பின்லாந்து ஸ்கூலோட சேந்து ஏதோ புராஜெக்ட்டுன்னியே, என்னட்டி எழுதுன?”

“கணக்கப் பாத்தா மனசுல என்ன தோணுதுன்னு எழுதச் சொன்னாவ. எனக்கு சர்ச்சுல, ‘முன்ன பாவத்துல கெடந்தேன், இப்போ ரட்சிக்கப்பட்டேன்’னு சாட்சி சொல்லித்தான் பழக்கம். ஒரு காலத்துல கணக்குன்னா அழுவேன், இப்போ பயமெல்லாம் போச்சு, சந்தோஷமா இருக்கேன்னு எழுதிட்டேன்.”

“ஏட்டி, நேத்துகூட கணக்குப் பரீட்சையில அழுதியே.”

“அந்த ஊருப் பிள்ள ஒண்ணு அத வாசிச்சுட்டு, ‘எனக்கு இன்னும் அழுகதான் வருது, நீ எப்படி மாறின?’ன்னு கேட்டிருக்கு. நாளைக்கு வீடியோவுல பதில் சொல்லணும்.”

கணக்குக்குப் பயந்து தமிழ் இலக்கியம் படித்தவன் நான். செய்தித்தாளை மடித்து வைத்தேன்.

“என்ன சொல்லப் போற?”

“நானும் பழைய பாவத்துல விழுந்துட்டேன், எனக்காவ நீ ஜெபம் பண்ணுன்னு சொல்லுவேன்.”