திருந்தியவனை வெளியே விடலாமா

மீன் கறிக்குக் கொறக்காப் புளி போடத் தெரியாதவனோடு எனக்குப் பேச்சே கிடையாது, இன்ஸ்பெக்டர் ஐயா. கோபிக்க வேண்டாம், விஷயத்துக்குத்தான் வருகிறேன்.

நான் சிவலிங்கம். யட்டவத்தைப் பக்கம் மதில் இல்லாத சிறை முகாமொன்றில் தலைமைக் காவலர். ஐம்பத்தொன்பதாம் ஆண்டில், கைதியை அடிக்காதே, தொழில் பழக்கித் திருத்து என்று மேலிடம் சொன்னபோது மற்றக் காவலர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பஸ்ஸில் பொக்கெட் அடித்து நாலு வருடம் வாங்கி வந்த ஜுனைதீனைக் குசினியில் விட்டேன். முதல் மாதம் அவன் ஆக்கியதை நாய்கூட மோந்து பார்த்துவிட்டுப் போனது. ஒரு வருடத்தில், அவன் மீன் கறி வைக்கிற நாளில் நான் வீட்டுக்குச் சாப்பிடப் போவதில்லை. என் மனைவி புஷ்பவதிக்கு அதில் கொஞ்சம் மனஸ்தாபம்.

ஒழுங்காக இருப்பவனுக்குத் தண்டனையில் நாள் கழித்து முன்னதாகவே விடுவார்கள். அவனுக்கும் கழிந்தது. அவனைக் கூட்டிப்போக மனைவி மஸூதா, அவன் உடுத்திக்கொள்ளப் புதுச் சாரமொன்றை மடித்து எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். நான் அதற்கு முந்தின நாளே அவன் பாய்க்கடியில் ஒரு கட்டு பீடி வைத்திருந்தேன். தடை செய்த சாமான். சோதனை போட்டதும் நானேதான். கழிந்ததில் பல மாதம் திரும்பச் சேர்ந்துவிட்டது. அவன் பீடி குடிப்பதே இல்லை. வெளியே போனால் பழைய கூட்டாளிகள் கெடுத்துவிடுவார்களே என்று எனக்குப் பயம்.

இப்படி மூன்று தடவை. மூன்றாம் தடவை மஸூதா அழவில்லை.

"சாரம் மடிப்பிலேயே இத்துப் போகுது, மாத்தயா," என்றாள்.

எனக்கு நெஞ்சு கனத்துப் போனது. அன்றைக்கு இரண்டு துண்டு மீன்தான் சாப்பிட்டேன்.

கடைசியில் முழுத் தண்டனையும் முடிந்து போய்விட்டான். பிறகு ஒரு நாள் பலாபத்வலையில் பஸ்ஸுக்கு நின்றேன்.

"அட, சிவலிங்கம் ஐயா! வாங்க, உள்ளுக்கு வந்து உக்காருங்க!"

ஜுனைதீன்தான். சொந்தமாகச் சாப்பாட்டுக் கடை போட்டிருந்தான். மஸூதா பரிமாறினாள். "நீங்க திருத்திவிட்டதாலதான் இன்னைக்கு மனுசனா நிக்கிறேன். அல்லாஹ் உங்களுக்கு நல்லது செய்யணும்," என்றான். கெட்டுப்போகவே இல்லை, ஐயா. கறியும் அதே கறி. முகாமில் இப்போது ஆக்குகிறவன் கொலைக் கேஸ். உப்புக் கூடிப்போச்சு என்று சொல்லவும் பயமாக இருக்கிறது.

கை கழுவப் போகிற சாக்கில் என் கைக்கடிகாரத்தைக் கழற்றி அவனுடைய மிளகாய்த்தூள் டின்னுக்குள் போட்டேன். பிறகு உங்களிடம் வந்து முறைப்பாடு கொடுத்தேன். கோர்ட்டில் அவன் என்னையே பார்த்து, "ஐயா, நீங்களாச்சும் சொல்லுங்க, நான் திருந்திட்டேன்னு," என்றான். நான் குனிந்துகொண்டேன். இரண்டு வருடம் கிடைத்தது.

அதைச் சொல்லத்தான் வந்தேன். கடிகாரத்தை வைத்தது நான். பீடி வைத்ததும் நான். ஒரு தப்பும் செய்யாதவனைத் தெற்கே எங்கேயோ ஒரு சிறைக்கு அனுப்பிவிட்டார்களாம். கேள்விப்பட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவனை விடச் சொல்லி நான் கேட்கவில்லை, ஐயா. எங்கள் முகாமுக்கு மாற்றித் தந்தால் போதும்.