பாப்பாவின் பாட்டிலில் அப்பா

கோயமுத்தூரில் ஒரு லேபில் சுகர் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்தேன். எதிர் பெஞ்சில் பொள்ளாச்சியிலிருந்து வந்த கணவனும் மனைவியும், நடுவில் அவர்களுடைய ஆறு வயசு மகள். பிள்ளைக்குக் கொஞ்ச நாளாக முகம் வீங்குகிறதாம்.

கவுண்டர் பெண் கூப்பிட்டாள். “யூரின்ல புரோட்டீன் நெறையப் போகுதுங்க. கிட்னி சரியா வேலை செய்யலீன்னா இப்படிக் காட்டும். டாக்டரப் பாத்துருங்க.”

அம்மா அங்கேயே அழ ஆரம்பித்துவிட்டாள்.

கணவன் தடுத்தான். “அழுவாத அம்மணி. அது பாப்பாவோடது இல்ல, என்னோடது.”

மொத்தக் கூட்டமும் திரும்பிப் பார்த்தது.

“என்னங்க சொல்றீங்க?”

“காலைல வீட்டுல பாப்பா புடிச்சுக் குடுத்த பாட்டில் பஸ்ஸுல கொட்டிப்போச்சு. சொன்னா நீ வைவீன்னு, உக்கடம் பஸ் ஸ்டாண்டுல எறங்குனதும் நானே புடிச்சுக் குடுத்துப்போட்டேன்.”

“ஏனுங்க, புள்ளைக்கு டெஸ்ட் எடுக்க உங்களோடதக் குடுப்பீங்களா?”

“ரெண்டு பேருக்கும் ஒரே ரத்தந்தான?”

“குடுத்தது ரத்தமுங்களா?”

எல்லாரும் சிரித்தார்கள். கவுண்டர் பெண் மட்டும் சிரிக்காமல் வேறொரு பாட்டிலை நீட்டினாள். ரெண்டு டம்ளர் தண்ணி குடித்துவிட்டு மகள் அதை நிரப்பிக் கொண்டுவந்தாள்.

ஒரு மணி நேரம் கழித்து கவுண்டர் பெண் மறுபடி கூப்பிட்டாள். “பாப்பாவோடது நல்லா இருக்குதுங்க. முகம் ஏன் வீங்குதுன்னு டாக்டரு பாக்கட்டும். ஆனா இவரையும் இன்னிக்கே காட்டிருங்க.”

அம்மா திட்ட வாயெடுத்தவள், திட்டாமல் கணவனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மகள்தான் பேசினாள். “அப்பா, ஊசி போட்டா அழுவக் கூடாது. மத்தவீங்க சிரிப்பாங்க.”