பன்னிரண்டு டப்பிகள்

கோகிலவாணி மேடத்துக்கு நான் போடும் டீதான் பிடிக்கும். பத்தரை மணிக்கு லேப் ஓரத்து ஸ்டவ்வில் இரண்டு டம்ளர் டீ வைப்பேன். அவருக்குச் சர்க்கரை பாதி. "மேரிக்கா, இது இல்லன்னா எனக்கு ஒரு வேலையும் ஓடாது" என்பார். எங்களுக்குள் ஒரு நாளும் சண்டை வந்ததில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் மேடம்.

என் பெயர் சகாயமேரி. இந்த பார்மசி கல்லூரியில் இருபத்திரண்டு வருடமாக லேப் டெக்னீசியன். கோகிலவாணி மேடம் ஆசிரியராக வந்து ஐந்து வருடம்.

கொலஸ்ட்ரால் மாத்திரை ரத்தத்தில் கொழுப்பைக் குறைக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். மிச்சமிருக்கும் கொழுப்பு கெட்டுப்போகாமலும் அது காக்கிறது என்கிறார்கள். நறுக்கி வைத்த கத்திரிக்காய் காற்றுப் பட்டுக் கறுக்கிறதல்லவா, ரத்தத்தில் கொழுப்பும் கிட்டத்தட்ட அப்படித்தான் கெடும். அதை அளக்க, ரத்தத்தோடு ஒரு ரசாயனத்தைக் கலந்து கொதிநீரில் வைப்போம். கெட்டது அதிகமென்றால் அடர்ந்த ரோஸ் நிறம் வரும். குறைவென்றால் வெளிர் ரோஸ்.

மாணவர்களுக்குச் செய்முறை காட்டும்போது, அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களின் குழாய் வெளிறி நிற்பதைக் கண்டவள் நான். ஒரு நாள் டீ குடிக்கும்போது மேடத்திடம் சொன்னேன். வெளிநாட்டில் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள், நம் பக்கத்து ஜனங்களிடம் பார்க்கலாமே என்றார். ஆறு மாதத்தில் அது அவருடைய பிஎச்டி ஆகிவிட்டது. முதல்வர் மாதவராஜ் சார் மீட்டிங்கில் எழுந்து, "கோகிலா கண்ணுக்குத்தான் இதெல்லாம் படும்" என்றார். நான் பிஸ்கட் தட்டோடு பின்னால் நின்றிருந்தேன். தட்டைக் கீழே வைத்துவிட்டு நானும் கை தட்டினேன்.

இருதயக் கோளாறுக்கு ஏற்கெனவே அந்த மாத்திரை சாப்பிடும் நாற்பது பேரைச் சேர்த்தார்கள். டாக்டர் எல்லோருக்கும் அளவைக் கூட்டி எழுதினார். கூட்டினால் குழாய் இன்னும் வெளிறுகிறதா என்பதுதான் ஆராய்ச்சி. பன்னிரண்டு வாரத்துக்கு மாத்திரை எங்களுடையது. பழைய மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்துப் புது டப்பி கொடுப்போம். எண்ணி டப்பியில் போடுவது என் வேலை. மாத்திரை வைக்கும் பீரோவின் சாவி மேடத்திடம் இருக்கும். கேட்டால் கொடுத்துவிடுவார், எதற்கென்று கேட்க மாட்டார்.

மாத்திரை அடிக்கும் மெஷின் எங்கள் கல்லூரியிலேயே இருக்கிறது. ஒரு சனிக்கிழமை மதியம், ஸ்டார்ச்சும் லாக்டோஸும் கலந்து, அசலைப் போலவே நீளவட்ட அச்சுப் போட்டு அடித்தேன். மேலே வெள்ளைப் பூச்சும் கொடுத்தேன். நாற்பது டப்பியில் பன்னிரண்டை மட்டும் அதில் நிரப்பினேன். அவ்வளவு போதும், சராசரி கலைந்துவிடும். யாருக்கும் கெடுதல் செய்யும் எண்ணமில்லை. மாவு யாரையும் கொல்லாது. ஆராய்ச்சி சரியாக வரவில்லை என்று ஆனால் போதும் என்றுதான் நினைத்தேன்.

எந்தப் பன்னிரண்டு என்று நான் பார்த்து எடுக்கவில்லை. கைக்கு வந்தவை. அதில் ஒன்று செல்லியினுடையது.

செல்லி சித்தேரி மலைக்காரி. ஐம்பத்தெட்டு வயது. இரண்டு வருடமாக அந்த மாத்திரை சாப்பிடுகிறவள், எட்டு மாதத்துக்கு முன்னால் இருதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். அவள் படிவத்தை நிரப்பியவள் நான் என்பதால் அது எனக்குத் தெரியும். ஆறாம் வாரம் மலை பஸ் பிடித்து வந்தபோது ஒரு துணிப்பையில் சாமை கொண்டுவந்தாள்.

"கோகிலம்மாகிட்ட குடுத்துருங்க. அவங்க மாத்தர தின்னதுல இருந்து கெண்டக்கால் வலியே காணோமுங்க. ரண்டு வருசமா நடக்க முடியாம கெடந்தேன். இப்ப கொல்லைக்கு நானே போயாறேன். நல்ல கைராசி அந்தம்மாளுக்கு."

எனக்கு உடனே புரிந்தது. கொலஸ்ட்ரால் மாத்திரை சிலருக்குத் தசை வலியைக் கொடுக்கும். என் மாவில் மருந்து இல்லை, அதனால் வலி போயிருந்தது. அவளை நடக்க வைத்தது நான் அடித்த மாத்திரை. அதற்கும் கைராசி கோகிலவாணிக்கு.

"நான் எண்ணிக் குடுத்த மாத்திரைதான் அது" என்றேன்.

"நீங்க எடுத்துக் குடுக்கறவங்க. வைத்தியம் அவங்களுதுங்களே" என்றாள் செல்லி, என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில்.

சாமையை மேடத்திடம் கொடுத்துவிட்டேன். பிறர் பொருளை நான் எடுப்பதில்லை. பிறகு பீரோவைத் திறந்தேன். அசலும் இருந்தது, என்னுடையதும் இருந்தது. ஸ்டென்ட் வைத்தவர் இந்த மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று அந்தப் படிவத்திலேயே அச்சடித்திருக்கிறது. செல்லியின் டப்பியில் என்னுடையதைப் போட்டேன். முதல் முறை கைக்கு வந்த டப்பி. இந்த முறை அவள் பெயரைப் படித்துவிட்டுத்தான் போட்டேன்.

ஒன்பதாம் வாரம் அவள் வரவில்லை. காலை பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாளாம். அதே பஸ்ஸில் ஏற்றிக் கீழே கொண்டுவந்திருக்கிறார்கள். அரூர் ஆஸ்பத்திரி சேர்வதற்குள் முடிந்துவிட்டது. மேடம் மலைக்குப் போய் மாலை போட்டுவிட்டு வந்தார். கண் வீங்கியிருந்தது. டீ போட்டுக் கொடுத்தேன், குடிக்கவில்லை. ஐந்து வருடத்தில் அது முதல் தடவை.

அடுத்த வாரம் செல்லியின் மகன் முருகேஷ் வந்தான். "மீதி மாத்தர வேற யாருக்காச்சும் ஆவட்டும்னு எடுத்தாந்தேனுங்க" என்று டப்பியை மேடத்திடம் நீட்டினான். சில குழாய்கள் வெளிறாமல் மேலும் சிவந்து நிற்பது ஏன் என்று மேடம் ஏற்கெனவே குழம்பிப்போயிருந்தார். டப்பியில் ஒரு மாத்திரையை எடுத்துக் கரைத்து, மருந்தை அளக்கும் மெஷினில் விட்டார். மருந்து இருந்தால் திரையில் ஒரு மேடு எழும். கோடு நேராகவே போனது.

அன்று சாயங்காலமே நாற்பது வீட்டுக்கும் போன் செய்து, டப்பியைத் தொடாதீங்க, பழைய மாத்திரையை ஆரம்பிங்க, டாக்டரைப் பாருங்க என்றார். பிறகு உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் செய்தவரும் அவர்தான். "சாவி எங்கிட்டதானே இருந்துச்சு மேரிக்கா. பொறுப்பு என்னுதுதான்" என்றார். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசிப் பழக்கமில்லை.

நீங்கள் கல்லூரிக்கு வந்து எல்லோரையும் விசாரித்தீர்கள். வாட்ச்மேன் மாரப்பனைக்கூட அரை மணி நேரம் கேட்டீர்கள். என்னிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டீர்கள். கொண்டுவந்து வைத்தேன். மேடத்தை ஜீப்பில் ஏற்றும்போது முருகேஷ் வாசலில் நின்று, "இந்தம்மா செஞ்சிருக்க மாட்டாங்க" என்று அழுதான். பெற்றவளைப் பறிகொடுத்தவன், அவருக்காக அழுதான்.

அப்போதும் நான் இந்த ஸ்டேஷனுக்கு வருவதாக இல்லை. நேற்று மாதவராஜ் சார் அந்த மாத்திரையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அசலுக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியலயே. என்ன நேர்த்தி பாருங்க. தப்புலகூட கோகிலா கோகிலாதான்" என்றார். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள்.

ராத்திரி முழுக்க யோசித்தேன். செய்யாத ஒருத்தர் உள்ளே இருக்கும்போது நான் வெளியே இருப்பது நியாயமில்லை என்று தோன்றியது. மனசாட்சிதான் என்னை இங்கே கொண்டுவந்தது, வேறொன்றுமில்லை. செல்லியைக் கொன்றது நான்.

கோகிலவாணி பெயரை எடுத்துவிடுங்கள், மேடம். பன்னிரண்டு டப்பியில் எந்த மாத்திரையை வேண்டுமானாலும் தராசில் வைத்துப் பாருங்கள், எடை இம்மி பிசகாது. அவளுக்கு அந்த மெஷினில் அச்சு மாட்டக்கூடத் தெரியாது.