அட்டை மான்

— மூச்சை இழுத்து நிறுத்துங்கண்ணே. குழல் ஆடுது.

— அய்யூப்பு, எனக்கே சொல்லிக் குடுக்கறியா? பெகு காட்டுல நான் முதல் மானை அடிக்கிறப்ப உனக்கு லுங்கி கட்டத் தெரியாது.

— சரி, சபாபதியண்ணே. நான் ஒண்ணும் சொல்லலை.

— பெரிய துப்பாக்கி குடுத்திருந்தா இன்னும் ஜோரா இருக்கும்.

— அதை நம்ம மொதலாளி ஊ மியின்ட் வேட்டை சீசனுக்குத்தான் குடுப்பாரு. ஊருக்கு நடுவுல இந்த அலோன் பேட்டைக் கிடங்குல வெடிச்சீங்கன்னா தெருவே ஷட்டரை இழுத்துடும். இப்போதைக்குக் காத்துத் துப்பாக்கிதான்.

— யபாடே, யபாடே, பரவால்ல. அட்டை மானை மாட்டிட்டியா?

— ம்... கடைசிச் செவத்துல, கோணி அடுக்குக்கு முன்னாடி. தெரியுதாண்ணே?

— கொம்போட தெரியுது! இந்தா... போட்டாச்சு. எப்படி?

— பட்டிருச்சுண்ணே.

— எங்க?

— முன்சப்பையில.

— அங்கதானே குறி வெச்சேன்! வேற ஆளு தேடறாராமே மியின்ட், அவருகிட்டப் போய் இதைச் சொல்லு.

— உங்க கண்ணு எப்படி இருக்குன்னு என்கிட்ட கேட்டாரு.

— என் கண்ணுக்கு என்ன?

— முந்தாநாளு டீக்கடையில என் பொண்டாட்டியப் பாத்து "வாங்க பாய்"ன்னீங்க.

— வெயிலு மூஞ்சியில அடிச்சுது.

— மழை பேஞ்சுக்கிட்டிருந்துச்சு.

— கிண்டலா?

— இல்லண்ணே. நீங்க குண்டு போட்டதும் கத்தியோட புதருக்குள்ள ஓடறது நான். உசுரு போறதுக்குள்ள பிஸ்மில்லா சொல்லி அறுக்கலைன்னா எங்க வீட்டுல ஒருத்தரும் கறியைத் தொட மாட்டாங்க. நீங்க பாட்டுக்கு ரெண்டாவது குண்டைப் போட்டா, அங்க குனிஞ்சிருக்கறது மானு இல்ல.

— இத்தனை வருசமா ஓடறியே, ஒரு கீறல் விழுந்திருக்கா?

— இல்லைதான்.

— அப்புறமென்ன? மானு எது, அய்யூப்பு எதுன்னு எனக்குத் தெரியாதா?

— என் வீட்டுக்காரி மதீனா இந்தத் தடவை போகவே வேணாம்னு அழுவுறா. அண்ணன் நல்லாப் பாத்துத்தான் சுடுவாருன்னு அவ தலையில அடிச்சு சத்தியம் பண்ணணுமாம்.

— பண்ணுடா! தாராளமா பண்ணு. அதுக்கு முன்னாடி இதையும் பாத்துக்க. இப்ப தலை. வெள்ளை அட்டையில கறுப்பு மை, என்னமா நிமிந்து நிக்குது... போட்டாச்சு! சொல்லு.

— அண்ணே, அது வந்து...

— சொல்லுடா. பட்டுச்சா, இல்லையா?

— மன்னிச்சுருங்கண்ணே. அட்டையை நான் மாட்டவே இல்லை. இன்னும் என் கக்கத்துலதான் இருக்கு.