கடைசி வரி வரை

"படுங்க! படுங்க!"

ஊய் என்ற சத்தம். தலைக்கு மேலே போகிறது. தும். வாய்க்குள் மணல். எண்ணுகிறேன். பதினொரு பேர். எல்லோரும் இருக்கிறோம்.

வளைகுடாவில் ஓர் எல்லைச் சாவடி. குடவாசல், குத்தாலம், முத்துப்பேட்டை ஆட்கள் நாங்கள். ஒரே கம்பெனி. நான் ஸ்டோர் கணக்கு பார்த்தேன். பாஸ்போர்ட்டுகளை மேனேஜர் பூட்டி வைத்திருந்தார். போரில் முதல் குண்டு விழுந்ததும் சாவியோடு ஓடிவிட்டார்.

சாவடியில் நாற்காலி போட்டு நம் நாட்டு அதிகாரி ஒருவர். வடக்கத்திக்காரர். காகிதம் இல்லாதவன் இந்தியன் என்று காட்ட வேண்டும். இல்லையென்றால் திரும்பிப் போக வேண்டும். குண்டுக்குள்.

தேசிய கீதம் பாடச் சொன்னார்.

விறைப்பாக நின்றோம். வாயைத் திறந்தோம். வந்தது தமிழ்த்தாய் வாழ்த்து. பள்ளிக்கூடத்தில் காலையில் முதலில் அதுதான். கையைத் தொடையோடு ஒட்டி நின்றாலே எங்களுக்கு அதுதான் வரும்.

அதிகாரி முகம் சுளித்தார். ஓரமாகப் போகக் கை காட்டினார்.

"அண்ணே, காலைப் பாட்டை எடுத்து விட்டுட்டோம்ணே." முத்துப்பேட்டை சாதிக். அப்போதும் சிரிக்கிறான். "நிறுத்தாதீங்க. இதை முடிச்சுட்டு அதையும் பாடிருவோம். நடுவுல விட்டா அந்தாளு நம்பமாட்டாரு."

முடித்தோம். அடுத்ததைத் தொடங்கினோம். பின்னால் மலையாளிகள் எழுந்தார்கள். பஞ்சாபி லாரிக்காரர்கள் எழுந்தார்கள். அறுபது பேர் இருக்கும். ஒருவர் பெயரும் தெரியாது. உச்சரிப்பு ஆளுக்கு ஒன்று. மெட்டு ஒன்று. அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்தார். அவர் உதடும் அசைந்தது.

ஊய்.

"படுங்கடா!" கத்தியது நான்.

படுத்தோம். பாட்டு அறுந்தது. ஒரு குரல் மட்டும் கேட்கிறது. தலையைத் தூக்குகிறேன். சாதிக் நிற்கிறான். கைகள் தொடையோடு ஒட்டியிருக்கின்றன. கடைசி வரி.

"சாதிக்கு, படுடா!"

பாடி முடிக்கிறான்.

தும்.

அதிகாரி மணலிலிருந்து எழுந்தார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. எல்லோரையும் போகச் சொன்னார்.

இப்போது குடவாசலில் இருக்கிறேன். கிழவன். எந்த விழா முடிவிலும் தேசிய கீதத்தின் கடைசி வரிக்கு முன்பே நாற்காலி இழுபடும். திரும்பிப் பார்ப்பேன். எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணுவேன்.

போனவை. பாஸ்போர்ட் பதினொன்று. பெட்டி ஒன்பது. ஆள் ஒன்று. சாதிக், வயது இருபத்தாறு.

பாடத் தொடங்கியவர்கள் பதினொரு பேர். எல்லையைக் கடந்தவர்கள் பத்துப் பேர். பாடி முடித்தவன் ஒருவன்.